இளவேனில் இல்லப் பாடம்
(தறி, தோட்டம், தொழுவம், கடிதம்: அங்கத்தினர் கல்விக்கான கட்டுரை)

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வழங்கினர். வேம்பு பூத்து உதிர்கிறது. புங்கு புதுத்தளிர் விட்டு நிழல் பரப்புகிறது. கொன்றை பொன்னாய்ச் சொரிகிறது. மாம்பழமும் நுங்கும் தெருவுக்கு வருகின்றன. பார்வைக்கு இஃது இன்பமான காலமே. ஆயினும் நெசவாளர் இல்லத்துக்கும் உழவர் இல்லத்துக்கும் இது சோதனைக் காலமும் ஆகும். சித்திரையின் பிற்பகுதியில் தொடங்கி வைகாசி நடுவரை நீளும் கத்திரி வெயிலில் நூல் அறுகிறது. தறியில் உட்காரும் நேரம் சுருங்குகிறது. பெரும்பாலான மானாவாரி நிலங்களில் பயிர் இல்லை. அதே வேளையில், வைகாசி முடியுமுன் பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது. புத்தகப் பை, நோட்டு, செருப்பு, கட்டணம் என்று செலவுகள் வரிசையாக வந்து வாயிலில் நிற்கின்றன.

வரவு குறைந்து செலவு மிகும் இந்த இடைவெளியில்தான் பல இல்லங்கள் முன்பணம் வாங்குகின்றன. முன்பணம் வாங்கிய நெசவாளி தான் நெய்த சேலைக்குத் தானே கூலி பேச இயலாது. விளைச்சலின் மேல் கடன் வாங்கிய விவசாயி, களத்துமேட்டிலேயே மூட்டையை அளந்து கொடுத்துவிட வேண்டியவனாகிறான். இந்தக் கட்டை அவிழ்ப்பதற்கென்றே கூட்டுறவு இயக்கம் பிறந்தது. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திரூரிலும் காஞ்சிபுரத்திலும் நம் மாநிலத்தின் முதற் சங்கங்கள் தோன்றின. 1935இல் சென்னை மாகாண நெசவாளர்களின் தலைமைச் சங்கம் நிறுவப்பட்டது. அதுவே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குகிறது.

சங்கம் நூல் தரலாம், கடன் தரலாம், சரக்கை விற்றும் தரலாம். ஆனால் இளவேனில் இரண்டு மாதங்களும் இல்லத்துக்குள் எவ்வாறு கழிகின்றன என்பதைச் சங்கம் தீர்மானிக்க இயலாது. அதைத் தீர்மானிப்பது இல்லமே. தறி ஓயும் நேரத்தில் நடக்கும் சிறு வேலைகளை நாம் 'சும்மா இருக்கையில் செய்வது' என்று சொல்லிவிடுகிறோம். துண்டு நூலைப் பின்னுதல், கீரைப் பாத்திக்கு நீர் வார்த்தல், கோழிக்குத் தீனி வைத்தல், உறவினருக்குக் கடிதம் எழுதுதல் ஆகியவை அத்தகையன. அவற்றைச் செய்வோர் பெரும்பாலும் பெண்களும் முதியோரும் பிள்ளைகளுமே. எழுதி வைக்கப்படாமையால் அவ்வுழைப்பு கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத உழைப்பின் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை; தெரியாததை வளர்க்கவும் காக்கவும் எவரும் முனைவதில்லை. ஆகவே, இந்நான்கு வேலைகளையும் ஒரே குடும்பக் கணக்காக நோக்குவது எப்படி என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. வெயிலும் தறியும்

பருத்தி நூலுக்கு ஓர் இயல்பு உண்டு. ஈரம் ஏறினால் அதன் வலிமை கூடும். காய்ந்தால் அது முறுகி எளிதில் அறும். நெசவாலைகளில் இயந்திரம் வைத்துக் காற்றில் ஈரம் ஏற்றுவது இதன்பொருட்டே. நம் முன்னோர் இயந்திரமின்றியே இதற்கு வழி கண்டனர். குழித்தறியில் பாவு தரைக்கு அருகே நிற்கிறது. மண்ணின் ஈரம் நூலுக்குக் கிடைக்கிறது. மண்தரையைப் பெயர்த்து வழவழப்பான கல் பாவிய வீடுகளில் கோடையில் இழை மிகுதியாக அறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆதலின் இளவேனிலில் தறிவேலையைப் பொழுதின் போக்குக்கேற்பப் பிரித்துக்கொள்க. விடியலிலிருந்து முற்பகல் 10 மணி வரையிலும், மாலை 4 மணிக்கு மேலும் நெய்தல் நன்று. தறிக்குழியின் ஓரங்களில் நீர் தெளித்து, நனைத்த சாக்கை விரித்து வைக்கலாம். தார்களை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஊடை நூல் இளகி வரும். மேற்குப் பக்கத்துச் சன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டினால் பிற்பகல் அனல் உள்ளே புகாது. பாவுக்குக் கஞ்சி போடும் வேலை வெயில் ஏறுமுன் முடிந்துவிட வேண்டும். கடுவெயிலில் விரைந்து காய்ந்த பாவு விறைத்து, அச்சில் உரசும்போது நூல் நூலாக அறும்.

இவ்வாறு பிரித்தால் நடுப்பகலில் ஐந்தாறு மணி நேரம் எஞ்சும். அதனை இழந்த நேரம் என்று கருதுவது தவறு. உறங்கி ஓய்வது போக மீதி நேரத்தில் செய்யத்தக்க வேலைகள் நிழலிலேயே உள்ளன. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவிலும் அதன் துணைத் தொழில்களிலும் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் உள்ளனர். அவர்களுள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். நடுப்பகலில் அவர்கள் கையில் நடக்கும் வேலையைச் சேர்க்காமல் நெசவுக் குடும்பத்தின் வருமானத்தைப் பேசுவது பாதிக் கணக்கே ஆகும்.

2. துண்டு நூலும் குருத்தோலையும்

ஒவ்வொரு பாவின் இறுதியிலும் நெய்ய இயலாத ஒரு முனை எஞ்சுகிறது. அதனை வெட்டி எறிவதே பல இல்லங்களின் வழக்கம். அந்த நூல் சங்கம் விலை கொடுத்து வாங்கிய நூல். சாயமும் கஞ்சியும் உழைப்பும் ஏறிய நூல். வெள்ளை முனைகளைத் தனியாகவும் சாய முனைகளைத் தனியாகவும் பிரித்து, முழ அளவில் முடிந்து வைக்க வேண்டும். வெள்ளை நூலை விளக்குத் திரியாகத் திரிக்கலாம். சாய நூலை மூன்று புரியாகப் பின்னினால் பைக்குக் கைப்பிடி, மணிக்குக் கயிறு, கொடிகளைப் பந்தலில் கட்டும் நாடா, பிள்ளைகளின் ஊஞ்சலுக்குப் பின்னல் ஆகியவை கிடைக்கும். விற்பதற்கு முன் ஒரு முழம் பின்ன எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். நேரம் தெரியாமல் வைத்த விலை எப்போதும் குறைந்த விலையாகவே இருக்கும்.

இளவேனில் பனைக்கும் உரிய காலம். நுங்கு வெட்டிய கூந்தலைக் கொண்டு பிள்ளைகள் வண்டி செய்து உருட்டுவர். பெரியோர் குருத்தோலையை நிழலில் உலர்த்தி, ஓலையைச் சீராக வகிர்ந்து விசிறி, பெட்டி, கொட்டான் முடைவர். முடையும் ஓலையை நன்றாகக் காயவிட்டு, முடையுமுன் நீரில் நனைத்துப் பதப்படுத்த வேண்டும்; பச்சையோலையில் முடைந்த பெட்டி பின்னர்ச் சுருங்கித் தளரும். விதைகளையும் கடிதங்களையும் போட்டு வைக்க இவ்வோலைப் பெட்டியே போதும்.

விடுமுறையில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நூலைக் கொண்டே கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் உண்டோ, அதுவே நூலின் நம்பர். அப்படியாயின் 40ஆம் நம்பர் நூல் ஒரு ராத்தலில் 40 சிட்டம், அதாவது 33,600 கெஜம். மைல் ஒன்றுக்கு 1,760 கெஜம் என்றால் அந்நூல் 19 மைலுக்கு மேல் நீளும். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 454 கிராம். பாட்டன் கையில் புரளும் சிட்டத்துக்குள் இவ்வளவு தொலைவு அடங்கியிருப்பதை அறியும் பிள்ளை, நூலை வீணாக்கத் துணியாது.

3. கொல்லையில் ஒரு சிறு தோட்டம்

'கோடை உழவு கோடி நன்மை' என்பர் உழவர். கோடை மழை பெய்தவுடன் நிலத்தை உழுது புரட்டினால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும். களைகள் வேரோடு காயும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாய் உறங்கும் பூச்சிகள் மேலே வந்து வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். நிலக்கடலையைத் தின்று அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு இவ்வாறே மண்ணுள் காத்திருப்பதாகும். பருத்தி விளைவிக்கும் அங்கத்தினர் மற்றொன்றையும் நினைவில் கொள்க. அறுவடை முடிந்தபின் பருத்தி மாரை விறகுக்காக வீட்டோரம் அடுக்கி வைக்கும் வழக்கம் உண்டு. அதில் ஒட்டியிருக்கும் வெடிக்காத காய்களுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கி, அடுத்த பயிருக்குத் தாவும். காய்களைப் பறித்து அழித்த பின்னரே மாரை அடுக்க வேண்டும்; மழைக்கு முன் அதனை எரித்துத் தீர்த்துவிட வேண்டும்.

வயலில்லாத நெசவாளிக்கும் கொல்லை உண்டு. அரை சென்ட் இடம் போதும். அஃது ஏறத்தாழ 218 சதுர அடி. இளவேனிலில் அதில் ஆசைப்பட்டதையெல்லாம் விதைத்தல் கூடாது. நீர் குறைவு என்பதை முன்னிட்டு, விதைத்த 25 நாளளவில் பறிக்கத்தக்க சிறுகீரை, முளைக்கீரை, வெயிலைத் தாங்கும் கொத்தவரை, வெண்டை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்க. விதையைப் பொடிமணலோடு கலந்து தூவினால் ஓரிடத்தில் குவியாது. பாத்தியின் மேல் சருகு பரப்பினால் ஈரம் காக்கும். மரக்கன்றுக்கு அருகே அடியில் சிறு துளையிட்ட பானையைப் புதைத்து, துளையில் துண்டு நூல் திரியைச் செருகி, நீர் நிரப்பி மூடி வைத்தால் வேருக்கு மட்டும் நீர் கசியும். தறியின் கழிவு தோட்டத்துக்குப் பயன்படும் ஓர் இடம் இது.

ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு முருங்கை இருத்தல் வேண்டும். கிளை நட்டு வளர்க்கும் முருங்கையோடு, விதைத்து வளர்க்கும் செடிமுருங்கையும் உண்டு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 என்னும் வகை, விதைத்த ஆறு மாதத்தளவில் காய்க்கத் தொடங்குவது. கீரை, பூ, காய் மூன்றையும் தரும் மரம் வேறு எத்தனை உண்டு?

ஆடிப்பட்டத்துக்கு வேண்டிய விதையைச் சேர்க்கும் காலமும் இதுவே. நோயில்லாத செடியில் முதலில் முற்றிய நல்ல காய்களை அடையாளத்துக்காகச் சாய நூலால் கட்டி, பறிக்காமல் விட்டுவிடுங்கள். விதையை நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பின் இளவெயிலில் காயவைத்து, சாம்பல் கலந்து உலர்ந்த சீசாவில் அடைக்க வேண்டும். சீசாவின் மேல் பயிரின் பெயரும் நாளும் எழுதி ஒட்டாவிட்டால், ஆடியில் எது புடலை, எது பாகல் என்ற சர்ச்சையே மிஞ்சும். வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயின் விதை தாய்ச்செடியைப் போல் விளையாது. அதனைச் சேர்த்துப் பயனில்லை.

4. சாயநீர்: நெசவாளிக்கும் உழவனுக்கும் நடுவே

நம் சங்க ஏட்டை நெசவாளரும் படிக்கின்றனர், உழவரும் படிக்கின்றனர். இருவர் நலனும் மோதும் இடம் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அது சாயநீர்.

நூல் அலசிய வெறும் நீரைத் தோட்டத்துக்கு விடலாம். ஆனால் சாயத்தொட்டியிலிருந்து வெளிவரும் நீரில் உப்பும் காரமும் வேறு வேதிப்பொருள்களும் உண்டு. அது மண்ணில் சேரச் சேர, மண் இறுகும், முளை கருகும், கிணற்று நீர் உவர்க்கும். இதற்குச் சான்று தொலைவில் இல்லை. நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டி முடிக்கப்பட்ட அணை, பாசனத்துக்காக எழுந்தது. திருப்பூர்ப் பகுதியின் சாயக்கழிவு அதில் தேங்கவே, அணை நீரும் சுற்றுப்புறக் கிணறுகளும் கெட்டன. உழவர்கள் பல்லாண்டு வழக்காடினர். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையின்றி நின்றனர். உழவனின் நிலம் கெட்டபின் தொழிலாளியின் அடுப்பும் அணைந்தது. இருவரும் ஒரே ஆற்றின் மக்கள் என்பதை எல்லாரும் உணர்வதற்குள் இழப்பு நேர்ந்துவிட்டது.

நம் சிறு சாயத்தொட்டியை அந்நகரத்தின் பட்டறைகளோடு ஒப்பிட முடியாது என்று சிலர் கூறலாம். அளவு சிறிது என்பது உண்மையே. ஆயினும் ஒரு தெருவில் இருபது தொட்டிகள் இருந்தால் அத்தெருவின் கிணறும் ஒன்றே அன்றோ? ஆகவே வீட்டுக்கு வீடு சாயம் தோய்ப்பதைக் குறைத்து, கழிவுநீரைச் சுத்தம் செய்ய வசதியுள்ள பொதுச் சாயச்சாலையில் தோய்ப்பதே சங்கத்துக்கு உகந்தது. வாங்கும் சாயம் தடை செய்யப்பட்ட வகையன்று என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். உடலுக்குத் தீங்கு விளைக்கும் 112 சாயங்களை இந்திய அரசு 1990களில் தடை செய்தது. பெயரற்ற பொட்டலத்தில் மலிவாக வரும் சாயத்தை வாங்காதிருப்பதே முதற் பாதுகாப்பு.

5. தொழுவமும் வாயிலும்

வளர்ப்புப் பிராணிகள் இல்லத்தின் உறுப்பினர்களே. அவற்றை அன்போடு வளர்த்தால் மட்டும் போதாது; அறிவோடும் வளர்க்க வேண்டும். இளவேனிலில் நேரும் பல இழப்புகள் அறியாமையால் வருவன.

பாவுக்குப் போட்டு மீந்த கஞ்சியைப் பசுவுக்கு ஊற்றுவது வழக்கம். தூய அரிசிக்கஞ்சியைத் தீவனத்தோடு சிறிதளவு தரலாம். அண்டாவோடு வைத்துவிட்டால், மாட்டின் வயிற்றில் அமிலம் மிகுந்து செரிமானம் நின்று உயிருக்கே ஆபத்து நேரும். திருமண வீட்டுச் சோற்றை அள்ளித் தின்ற மாடு இறப்பதும் இக்காரணத்தாலேயே. பூஞ்சை பிடியாமல் இருக்க மயில்துத்தம் கலந்த கஞ்சியானால் அதனை எந்தப் பிராணிக்கும் தருதல் கூடாது. மயில்துத்தத்தில் உள்ள செம்பு ஆடுகளுக்கு, குறிப்பாகச் செம்மறிக்கு, நஞ்சாகும்.

உழவர் கவனிக்க வேண்டிய மற்றொரு நஞ்சு சோளத்தில் உண்டு. நீரின்றி வாடிய இளஞ்சோளப் பயிரிலும், அறுத்தபின் கோடை மழையில் துளிர்த்த மறுதாம்பிலும் மாட்டைச் சில நிமிடங்களில் கொல்லத்தக்க நச்சுப்பொருள் உருவாகிறது. பசுமையைக் கண்டு பசித்த மாட்டை அவிழ்த்துவிடுதல் ஆகாது. சோளத்தைப் பூக்கும் பருவம் வந்தபின் அறுத்து, நன்கு உலர்த்தித் தருவதே பாதுகாப்பு.

கோழிகளுக்கு வெயில் காலத்தில் வெள்ளைக் கழிச்சல் என்னும் நோய் பரவும். இதற்கு ராணிகேத் நோய் என்றும் பெயர். வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசி உண்டு. 8 வாரம் நிறைந்த குஞ்சுகளுக்குக் கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கோழிக்கு மட்டும் போடுவதை விட, நாள் குறித்துத் தெரு முழுவதற்கும் போடுவது சிறந்தது. இதுவும் கூட்டுறவே.

நெசவாளர் வீட்டில் பூனைக்குத் தனி மதிப்பு உண்டு. கஞ்சி ஏறிய பாவை எலி கடித்துக் குதறும்; ஒரே இரவில் பல நாள் உழைப்பு பாழாகும். பூனை அதனைக் காக்கிறது. பதிலுக்கு நாம் அதனை நூலிலிருந்து காக்க வேண்டும். பூனைக்குட்டி நூலோடு விளையாடுவது பார்க்க அழகுதான். ஆனால் விழுங்கிய நூல் அதன் குடலை அறுத்துவிடும். கோழிக்குஞ்சின் காலில் சுற்றிய நூலும் விரலைத் துண்டித்துவிடும். துண்டு நூலை அன்றன்றே பெட்டியில் இடவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாயிலைக் காக்கும் நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவை. நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் காத்திருத்தல் உயிரோடு விளையாடுவதாகும். நோய் முற்றினால் பிழைத்தல் மிக மிக அரிது.

தறிக்கூடத்து உத்தரத்தில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தால் அதனைக் கலைக்காதீர்கள். தன் குஞ்சுகளுக்கு அது பூச்சியையும் புழுவையும் ஊட்டுகிறது. அவற்றுள் சில நம் தோட்டத்தின் பகைகள். மதில்மேல் ஒரு மண்சட்டியில் நீர் வைத்தால் அதற்குரிய கூலி தீர்ந்தது.

6. கடிதம் என்னும் கருவி

இந்தியாவில் 1879 ஜூலை 1 அன்று அஞ்சலட்டை காலணா விலைக்கு வந்தது. அதன்பின் ஏழை எளியவர் வீட்டுக்கும் எழுத்து நடந்து வந்தது. 'இவ்விடம் நலம்; அவ்விடம் நலமறிய ஆவல்' என்று தொடங்கி, மழை, விளைச்சல், பசு ஈன்றது, பிள்ளை தேறியது ஆகியவற்றையெல்லாம் அடக்கிய அட்டைகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்த வீடுகள் பல. அக்கம்பி அவ்வீட்டின் சரித்திரம் ஆகும். இன்று கைப்பேசியில் பேசிவிடுகிறோம். விரைவு நன்றே. ஆனால் பேச்சு காற்றோடு போகிறது. எந்த ஆண்டு கோடை மழை எப்போது பெய்தது, எந்த விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எழுத்து மட்டுமே விடை சொல்லும்.

1928ஆம் ஆண்டுக் கோடையில், மலைநகரான முசௌரியில் இருந்த 10 வயது மகள் இந்திராவுக்கு, அலகாபாத்திலிருந்து ஜவாஹர்லால் நேரு கடிதங்கள் எழுதினார். பூமி தோன்றியதும் மனிதர் கூடி வாழத் தொடங்கியதும் அவற்றின் பொருள். மறு ஆண்டு அவை நூலாயின. நம் பிள்ளைகளுக்கு அத்தகைய வரலாற்றை நாம் எழுத இயலாமற் போகலாம். ஆனால் நம் தொழிலின் வரலாற்றை நாமே எழுத இயலும். விடுமுறைக்குப் பாட்டி வீடு சென்ற பிள்ளைக்கு, 'இன்று பாவு போட்டோம், புடலை பூத்தது, குட்டி கண் விழித்தது' என்று நான்கு வரி எழுதுங்கள். நான்கு வரி பதிலும் கேளுங்கள். மணமாகிச் சென்ற மகளுக்கு எழுதும் உறையில் ஒரு சிட்டிகைக் கீரை விதையையும் வைத்தனுப்புங்கள். அவள் பதிலில் அவ்வூர் விதை வரும். விதை பரவுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

உறவுக்கு எழுதப் பழகிய கை, உரிமைக்கும் எழுதும். அங்கத்தினர் பலர் சங்க அலுவலகத்தில் வாய்மொழியாகக் குறை கூறிவிட்டுத் திரும்புகின்றனர். வாய்மொழிக் குறைக்குத் தேதியில்லை. பதில் தரவேண்டிய கட்டாயமும் இல்லை. எழுதிக் கொடுத்துப் பெறுகைக் குறிப்பு வாங்கிய குறை, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு பொருளாகும். அது நீளமாக இருக்க வேண்டியதில்லை. கீழ்க்காணும் மாதிரியைப் பார்க்க:

'தலைவர் அவர்களுக்கு, வணக்கம். என் அங்கத்தினர் எண் இது. மே மாதம் 6ஆம் தேதி பெற்ற 40ஆம் நம்பர் நூலில் இரண்டு கட்டு இழை ஒருசீராக இல்லை. நெய்கையில் மிகுதியாக அறுகிறது. கட்டின் சீட்டையும் ஒரு சிட்டத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். மாற்று நூல் தருமாறும், இதனால் தாமதமாகும் நாட்களுக்குப் பிடித்தம் செய்யாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இதன் நகல் என்னிடம் உள்ளது. இப்படிக்கு…'

இதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. யார், எப்போது, எது, என்ன வேண்டும் என்னும் நான்கும் உள்ளன. கடைசி வரியாகிய நகல் பற்றிய சொல்லே இக்கடிதத்துக்கு முதுகெலும்பு. வீட்டில் எழுதத் தெரிந்தவர் பள்ளிப் பிள்ளை மட்டுமே ஆயினும் தாழ்வில்லை. தாய் சொல்ல மகள் எழுதட்டும். கையொப்பம் தாயுடையதாக இருக்கட்டும். மகளுக்கு அதைவிடச் சிறந்த கூட்டுறவுப் பாடம் வேறில்லை.

7. ஒரு நோட்டு, ஐந்து பத்திகள்

மேற்கூறிய யாவற்றையும் இணைப்பது ஒரு சாதாரண நோட்டு. சித்திரை முதல் நாளில் அதனைத் தொடங்கலாம். பக்கத்தை ஐந்து பத்திகளாகக் கோடு இடுக: தேதி; தறி நேரமும் நெய்த அளவும்; தோட்டத்திலிருந்து வந்தது; தொழுவத்திலிருந்து வந்தது; கைவேலை. விற்றதை மட்டும் எழுதுதல் போதாது. வீட்டில் உண்ட கீரையையும் குடித்த பாலையும் தின்ற முட்டையையும், கடையில் வாங்கியிருந்தால் என்ன விலையோ, அவ்விலைக்கு வரவு வைக்க வேண்டும். செய்தவர் பெயரையும் எழுத வேண்டும்.

வைகாசி முடிவில் கூட்டிப் பாருங்கள். தறிக்கூலி குறைந்த இரண்டு மாதத்திலும் இல்லத்தைத் தாங்கியவர் யார் யார் என்பது அப்போது விளங்கும். கீரைப்பாத்தியிலிருந்த முதியவளும், திரி திரித்த மருமகளும், கோழிக்கு நீர் வைத்த சிறுவனும் கணக்கில் எழுந்து நிற்பர். அந்தத் தொகை பெரிதாக இராது. பள்ளிச் செலவு முழுவதையும் அஃது ஈடு செய்யும் என்று உறுதி கூறவும் இயலாது. ஆனால் எவ்வளவு குறைகிறது என்பதைத் திட்டமாகக் காட்டும். 'ஏதோ கொஞ்சம் பணம் வேண்டும்' என்று வணிகரிடம் செல்பவர் அவர் தரும் தொகைக்கும் நிபந்தனைக்கும் கட்டுப்படுகிறார். 'இவ்வளவு வேண்டும், இத்தனை மாதத்தில் திருப்புவேன், இதோ என் கணக்கு' என்று சங்கத்துக்கு வருபவர் தலை நிமிர்ந்து கேட்கிறார். முன்பணத்துக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் உள்ள வேற்றுமை வட்டி விகிதத்தில் மட்டும் இல்லை. கேட்பவரின் நிலையிலும் உள்ளது.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் குழித்தறியில் நீர் ஊறும், பாவு காயாது, தறி மீண்டும் ஓயும். இளவேனிலில் எழுதிய நோட்டு அம்மழைக்கால ஓய்வுக்கும் வழி காட்டும். நிழலில் காய்ந்த விதை, முடைந்த பெட்டி, ஊசி போட்ட கோழி, நகல் வைத்த கடிதம் ஆகியவை அப்போது பயன் தருவன.

படிப்பு வட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் தெருவில் கத்திரி வெயில் நாட்களில் ஒரு தறி நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? ஒரு வாரம் குறித்துப் பார்த்து வந்து கூறுக.

2. நம் சாயத்தொட்டிகளின் நீர் எங்கே போய்ச் சேருகிறது? அவ்வழியில் உள்ள கிணறுகள் எத்தனை? நெசவாளர் இருவரும் உழவர் இருவருமாகச் சேர்ந்து நடந்து பார்த்து வருக.

3. தெரு முழுவதற்கும் ஒரே நாளில் கோழிகளுக்கும் நாய்களுக்கும் தடுப்பூசி போட யார் பொறுப்பேற்பது? கால்நடை மருந்தகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை இவ்வட்டத்திலேயே எழுதுக.

4. சென்ற ஆண்டு அங்கத்தினர் வாய்மொழியாகக் கூறிய குறைகளுள் எவை தீர்ந்தன? எழுத்தில் தந்தவற்றுள் எவை தீர்ந்தன?

5. ஒவ்வோர் இல்லமும் ஒரு வகை விதையைக் கொணர்ந்து, பெயரும் நாளும் எழுதிய உறையில் மாற்றிக்கொள்க. ஆடி முதல் வாரத்துக்குள் இது முடிதல் வேண்டும்.